ஆமைக் குஞ்சுக்குப் பத்தியம்

பெண்டாட்டி பேசாமல் இருந்தால் ஆண்பிள்ளைகள் மல்லிகைப்பூ வாங்கி வருவார்கள், அல்வாப் பொட்டலம் வாங்கி வருவார்கள், ரொம்ப முற்றிப்போனால் மாமியார் வீட்டுக்கு ஆள் அனுப்புவார்கள். சின்னப்பா ஆமைக் குஞ்சு கொண்டுவந்தான். ஒன்று இரண்டல்ல, நாலு. தலைத்துண்டை அவிழ்த்து வாசல் வெளிச்சத்தில் விரித்துவிட்டு, ஏதோ நகைக்கடையிலிருந்து வந்தவன் மாதிரி பாஞ்சாலியின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான்.

அவனுக்குப் பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் தோட்டவேலை. பங்களாக்காரர்கள் மாலி என்று கூப்பிடுவார்கள். ஜோசஃபின் டீச்சர் வீட்டுத் தோட்டத்தில் இரண்டு கிழட்டு ஆமைகள் வருஷக்கணக்காகத் திரிந்துகொண்டிருந்தன. முதுகெல்லாம் மஞ்சள் கோடு நட்சத்திரம் நட்சத்திரமாக ஓடும், தரையில் வாழ்கிற ஜாதி. அதில் பெண் ஆமை எப்போது முட்டையிட்டு மண்ணை மூடியதோ யாருக்கும் தெரியாது. கல்வாழைப் பாத்தியைக் கொத்தும்போது குஞ்சுகள் வெளியே வந்தன. "காக்கா கொத்திடும் சின்னப்பா, நீயே எங்கேயாவது கொண்டுபோய் விட்டுடு" என்று டீச்சர் சொன்னார். அவருக்கு மூட்டுவலி, அதற்கு மேல் நின்று பேச முடியவில்லை.

எங்கேயாவது என்றால் ஏரிக்கரையில் விட்டுவிட்டு வந்திருக்கலாம். சின்னப்பா அல்சூரில் தன் ஒற்றை அறைக்குக் கொண்டுவந்தான் என்றால் அதற்குக் காரணம் இருந்தது. ஆடி மாதத்தில் அவர்கள் மகள் பவுனு செத்துப்போயிருந்தாள். ஒரே பிள்ளை, மூன்று வயசு, பேதி கண்டு இரண்டே நாளில் போனவள். அதற்குப் பிறகு பாஞ்சாலி சோறு வடித்தாள், நல்லிக் குழாயில் தண்ணீர் பிடித்தாள், துணி துவைத்தாள். வாய் மட்டும் திறக்கவில்லை. அவன் எதிரே உட்கார்ந்து கெஞ்சினால் நாலு வாய் தின்பாள். ஒருநாள் சாயங்காலம் ஏரி ஓரத்தில் புடவை நனைய நின்றுகொண்டிருந்தவளைப் பக்கத்து அறை எல்லம்மா கையைப் பிடித்து இழுத்து வந்தாள். அன்றிலிருந்து சின்னப்பாவுக்கு வேலையில் கை ஓடவில்லை. பிள்ளை போயிற்று, இவளும் போய்விடுவாள் என்று பயந்தான். இவளை உயிரோடு இருக்கவைக்க ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. கவனித்துக்கொள்ள ஒரு உயிர் கையில் இருந்தால் எழுந்து உட்காருவாள் என்று அவன் கணக்குப் போட்டான். அது மோசமான கணக்கு என்று சொல்லிவிட முடியாது.

குஞ்சுகள் துண்டின் மேல் அசையாமல் கிடந்தன. ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழத்தைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்த அளவுதான். கடைசியில் ஒன்று கழுத்தை நீட்டி, நெல்லுமணி போன்ற தலையைத் தூக்கிப் பார்த்தது. மற்றதைவிடச் சின்னது, ஓட்டின் ஓரம் கொஞ்சம் கோணலாக இருந்தது.

அதற்குள் எல்லம்மா வந்துவிட்டாள். அந்தக் காம்பவுண்டில் எந்த அறையில் பூனை குட்டி போட்டாலும் அவளுக்கு முதலில் தெரியும். ஏழு பெற்று நாலை வளர்த்தவள். பிள்ளை வளர்ப்பில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை.

"இன்னாடா சின்னப்பா, உனக்குப் புத்தி கித்தி கீதா இல்லியா? ஆமைய எவனாச்சும் வூட்டுக்குள்ள கொண்டாருவானா? குடித்தனம் இன்னாத்துக்கு ஆவும்?"

சின்னப்பா திருதிருவென்று விழித்தான். அவனுக்கு இது தோன்றவே இல்லை. துண்டை மடிக்கப் போனான். அப்போதுதான் பாஞ்சாலி பேசினாள். ஆடியிலிருந்து மூடியிருந்த வாய், குரல் கரகரவென்று வந்தது.

"எங்க வூட்ல கெட்டுப்போறதுக்கு இன்னும் இன்னாக்கா பாக்கி கீது?"

சின்னப்பா அழுதுவிட்டான். அவள் என்ன சொன்னாள் என்பது அவன் காதில் ஏறவில்லை, பேசினாளே என்பதுதான் பெரிதாகத் தெரிந்தது.

அது மொழிவாரியாக மாகாணம் பிரித்ததற்கு மறு வருஷம், மாசி மாதம். பெங்களூரில் மாசிப் பனி சாதாரணமானதல்ல. பகலில் வெயில் காயும், விளக்கு வைத்தால் தரை சில்லிட்டுப்போகும். பாஞ்சாலிக்கு முதல் கவலை குளிர்தான். காக்ஸ் டவுன் மளிகைக் கடையிலிருந்து தேயிலை வந்த காலி டீப் பெட்டி ஒன்றைச் சின்னப்பாவை வாங்கிவரச் சொன்னாள். பெட்டிக்குள் ஒட்டியிருந்த ஈயத்தாளைப் பிய்த்தெடுத்து, ஆணி நீட்டிக்கொண்டிருந்த இடமெல்லாம் கல்லால் தட்டி, சலித்து வாணலியில் வறுத்து ஆறவைத்த மணலை அடியில் போட்டு, அதன் மேல் உமி பரப்பி, அதன் மேல் தன் பழைய புடவையை நாலாக மடித்து விரித்தாள். ஒரு பொட்டு ஈரம் இருக்கக் கூடாது. வாசல் காற்று படுமே என்று பெட்டியை அறையின் உள்மூலைக்கு நகர்த்தினாள். மூலைக்கு மேலே கூரையில் ஒரு ஓடு விரிசல் விட்டிருந்தது. மழைக்கு முன்னால் மாற்ற வேண்டும் என்று சின்னப்பா வருஷா வருஷம் சொல்வான்.

மாலையில் குமுட்டி அடுப்பில் கரி போட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். சாம்பிராணி போட்டாள். குஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஈரம் பிழிந்த துணியால் முகத்தைத் துடைத்து, அந்தப் புகையில் காட்டினாள். பவுனுவுக்கும் அப்படித்தான் செய்வாள். குளிப்பாட்டின தலையைப் புகையில் காட்டிக் காயவைத்த கை அது, பழக்கம் எங்கே போகும்?

எல்லம்மாவும் இரண்டு நாள் முறைத்துப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து குந்திவிட்டாள். பிள்ளை வளர்ப்பு என்றால் அவளால் தள்ளி நிற்க முடியாது, அது ஆமையாக இருந்தால்தான் என்ன.

"பச்சத் தண்ணி காட்டிடாதடி. பொறந்து எத்தினி நாளாச்சோ. ஜன்னி கண்டுரும்."

"எனக்குத் தெரியாதாக்கா" என்றாள் பாஞ்சாலி.

சின்னப்பா தோட்டங்களிலிருந்து செம்பருத்திப் பூவும், அருகம்புல்லும், இளம் தண்டுக்கீரையும் மடியில் கட்டிக்கொண்டு வந்தான். குஞ்சுகள் செம்பருத்தி இதழைக் கடித்து இழுக்கிற அழகைப் பார்த்து ஒருநாள் பாஞ்சாலி சிரித்தாள். கோணல் ஓட்டுக் குஞ்சு மற்றதன் முதுகில் ஏறி, உருண்டு மல்லாந்து, காலை உதறிக்கொண்டு கிடந்தது. அவள் அதை ஒற்றை விரலால் புரட்டிவிட்டு, "இதுக்கு இன்னா அவசரம் பாரு மாமா, சந்தைக்குப் போறவ கணக்கா" என்றாள். சின்னப்பா அன்றைக்கு இரண்டு கவளம் கூடத் தின்றான். சினிமாப் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே நல்லிக்குப் போய்க் குடத்தை வரிசையில் வைத்தான். பொழைச்சுக்கிட்டோம் என்று நினைத்தான் பாவம்.

பங்குனி பிறந்ததும் வெயில் ஏறியது. நல்லியில் தண்ணீர் நூலாக வந்தது. குஞ்சுகளுக்கு இளகலாகப் போனது. புடவை மடிப்பில் பச்சையாக ஈரம் பார்த்தாள் பாஞ்சாலி. அவள் முகம் மாறிவிட்டது. எல்லம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"வயித்தால போவுதுடி. கீரைல தண்ணி ஜாஸ்தி, அதான். ஊத்த ஊத்தத்தானே போவும்? நிறுத்து எல்லாத்தையும்."

நிறுத்தினாள். கீரையை வெயிலில் உலர்த்தி, சருகாக்கி, கசக்கிப் போட்டாள். செம்பருத்திப் பூவை நிறுத்தினாள். முகம் துடைக்கிற துணியையும் நன்றாகப் பிழிந்து, வாயோரம் மட்டும் தொட்டு எடுத்தாள். குமுட்டியில் இன்னொரு கை கரி போட்டாள். பேதி என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் காம்பவுண்டில், ஏன், அந்தத் தெருவிலேயே எந்தத் தாயைக் கேட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

இளகல் நின்றது. பாஞ்சாலி மூச்சு விட்டாள். ஆனால் குஞ்சுகள் நடமாட்டத்தையும் நிறுத்தின. கண்ணை மூடியது மூடியபடி, தலையை ஓட்டுக்குள் பாதி இழுத்துக்கொண்டு கிடந்தன. மூடிய இமைகள் குழி விழுந்து உள்ளே போயிருந்தன. கழுத்துத் தோல் தொங்கியது.

சின்னப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டிக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு அடுப்படிக்குப் போய் பீங்கான் சாஸர் ஒன்றில் கொஞ்சம் தண்ணீர் எடுத்துவந்தான்.

"பாஞ்சாலி, டீச்சரம்மா தோட்டத்துல இதுங்க தாயி, நான் தொட்டிக்குத் தண்ணி வுடுறப்ப எல்லாம் வந்து அந்தச் சேத்துலதான் நிக்கும். கழுத்த நீட்டிக் குடிக்கும். டெய்லி பாக்கறேன். இதுங்களுக்கும் ஒரு வாய்..."

"தாயி பெரிசு மாமா. இது பச்ச மண்ணு. பேதி கண்ட வயிறு வேற. தண்ணி காட்டலாமா?"

"இல்ல, ஒரே ஒரு வாய்..."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ஆனால் இருவருக்கும் ஆடி மாதம் ஞாபகம் வந்துவிட்டது. சின்னப்பா சாஸரை எடுத்துக்கொண்டு வெளியே போய், துளசிச் செடியில் ஊற்றினான்.

ஆடியில் நடந்தது இதுதான். பவுனுவுக்கு விடியற்காலையில் ஆரம்பித்த பேதி மத்தியானத்துக்குள் கை மீறிப் போய்விட்டது. பாஞ்சாலி ஜாதிக்காய் உரசிக் கொடுத்தாள், மாங்கொட்டைப் பருப்பைச் சுட்டு இடித்துக் கொடுத்தாள். எல்லம்மா பக்கத்திலேயே இருந்தாள். குழந்தை "தண்ணி, தண்ணி" என்று ஒரே பாட்டாகக் கேட்டது. தண்ணீர் கொடுத்தால் குடல் கழன்று போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பாஞ்சாலி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஈரத்துணியால் உதட்டைத் தொட்டாள், அவ்வளவுதான். மறுநாள் காலையில் குழந்தையின் கண்கள் உள்ளே போய்விட்டன. சின்னப்பாவால் தாங்க முடியவில்லை. பானையிலிருந்து பித்தளை டம்ளரில் தண்ணீர் மொண்டுகொண்டு பாயின் பக்கத்தில் வந்து மண்டியிட்டான். குழந்தை டம்ளரைப் பார்த்துக் கையை நீட்டியது. பாஞ்சாலி அந்த டம்ளரைத் தட்டிவிட்டாள். அது சுவரில் மோதி விளிம்பு நசுங்கி உருண்டது. "புள்ளயக் கொல்லப் பாக்கறியா நீ?" என்று கத்தினாள். காம்பவுண்டு முழுக்கக் கேட்டது.

அப்புறம் ஜட்கா பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். வண்டி ஏரிக்கரை வழியாகப் போயிற்று. ஆடியில் ஏரி ததும்பக் கிடந்தது. மடியில் கிடந்த பவுனு தலையைத் திருப்பி அந்தத் தண்ணீரைப் பார்த்தாள், விரலைக் காட்டினாள். கோயில் திருப்பத்துக்கு வரும்போது விரல் மடங்கியிருந்தது. வண்டிக்காரர் ஒன்றும் கேட்காமல் குதிரையைத் திருப்பினார்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றைச் சொன்னார்கள். "நீ ஒண்ணுலயும் கொற வெக்கலடி. அந்தக் கொழந்த அப்படிக் கேட்டும் ஒரு சொட்டு குடுக்காத காத்தியே, தாயின்னா நீதான் தாயி." எல்லம்மா இதை எல்லோருக்கும் சொல்லிச் சொல்லி அழுதாள். பாஞ்சாலி அதைக் கேட்டுக்கொண்டு தலையை ஆட்டினாள். அவளுக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். செய்ய வேண்டியதையெல்லாம் செய்தோம், அதற்கு மேல் விதி என்று நினைத்துத்தான் ராத்திரி கண்ணை மூடினாள், காலையில் எழுந்தாள். சின்னப்பா அந்த டம்ளரைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நசுங்கின விளிம்பைத் தட்டி நேராக்கவும் இல்லை. அது பானைமேல் கவிழ்த்தபடியே இருந்தது.

குஞ்சுகளில் முதலாவது பங்குனி நடுவில் செத்தது. பாஞ்சாலிதான் கண்டுபிடித்தாள், எடுத்தபோது தீப்பெட்டி மாதிரி கனமில்லாமல் இருந்தது. துளசிச் செடிக்குப் பக்கத்தில் புதைத்தாள். "சளி புடிச்சிருக்கும்" என்றாள் எல்லம்மா. பாஞ்சாலி பெட்டியின் மேல் கோணிப்பை போட்டு மூடினாள், சூடு வெளியே போகக் கூடாது என்று. அடுத்ததும் போனது. அதற்கு அடுத்தது இரண்டு நாள் மூச்சை இழுத்துக்கொண்டு கிடந்து போனது.

அவள் மறுபடியும் பேச்சைக் குறைத்தாள். சின்னப்பாவுக்கு வேலைக்குப் போகவே மனசில்லை. தன்னையே நொந்துகொண்டான். எவனாவது சாகிற பண்டத்தைக் கொண்டுவந்து கொடுப்பானா, அதுவும் அவளுக்கு? ஒரு செத்த பிள்ளைக்கு மூணு செத்த பிள்ளை என்று கொண்டுவந்து கொடுத்தோமே என்று பங்களா பங்களாவாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அழுதான். ஒருநாள் ஜோசஃபின் டீச்சர், "என்ன சின்னப்பா, கண்ணு சிவந்திருக்கு?" என்றார். "தூசும்மா" என்றான்.

மிஞ்சியது அந்தக் கோணல் ஓட்டுக் குஞ்சு. அதுவும் கண் திறப்பதில்லை. பாஞ்சாலி அதைப் பகலெல்லாம் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"இதுவும் போயிட்டா நான் இன்னா பண்றது மாமா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"போவாது" என்றான் சின்னப்பா.

சித்திரையில் ஒரு மத்தியானம் வானம் திடீரென்று கறுத்தது. பெங்களூர் சித்திரை மழை சொல்லிவிட்டு வராது. பாஞ்சாலி குஞ்சைப் பெட்டியில் வைத்துவிட்டு, கொடியில் கிடந்த துணியை எடுக்க ஓடினாள். அதற்குள் ஆலங்கட்டி சடசடவென்று விழ ஆரம்பித்தது. காற்றில் எல்லம்மா வீட்டுத் தட்டி சாய்ந்து, இரண்டு பேருமாக அதைத் தூக்கி நிறுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மழை வெறித்து அவள் அறைக்குத் திரும்பினபோது மூலையில் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. விரிசல் விட்டிருந்த ஓடு ஆலங்கட்டியில் உடைந்து போயிருந்தது. அந்த ஓட்டை வழியாக மழை பூராவும் டீப் பெட்டிக்குள் இறங்கியிருந்தது. கோணிப்பை நனைந்து உள்ளே விழுந்து கிடந்தது.

"ஐயோ" என்று ஓடினாள். கோணியை இழுத்துப் போட்டாள். மணலும் உமியும் கரைந்து, பெட்டியின் ஒரு மூலையில் தண்ணீர் விரல்கடை ஆழத்துக்குக் குட்டையாக நின்றது. அதற்குள் குஞ்சு இருந்தது. போய்விட்டது என்றுதான் நினைத்தாள். எடுக்கக் கையை நீட்டினாள்.

குஞ்சு கழுத்தை நீட்டியிருந்தது. அவ்வளவு நீளமான கழுத்து அதற்கு உண்டென்று அவள் அதுவரை பார்த்ததில்லை. முகவாய் தண்ணீருக்குள் இருந்தது. தொண்டை ஏறியது, இறங்கியது. ஏறியது, இறங்கியது. குடித்துக்கொண்டிருந்தது.

பாஞ்சாலி நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். எடுத்துவிட வேண்டும், ஜன்னி கண்டுவிடும் என்று புத்தி சொன்னது. கை போகவில்லை. குஞ்சு நிறுத்தி, மறுபடியும் குடித்தது. வெகுநேரம் குடித்தது. அடியிலிருந்து வெள்ளையாக, சுண்ணாம்பு மாதிரி ஏதோ கழிந்தது. பிறகு குழி விழுந்திருந்த இமை இரண்டும் மெல்லப் பிரிந்தன. கறுப்பாக, ஈரமாக, மிளகு போல இரண்டு கண். அது தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. ஒரு காலை எடுத்து வைத்தது, இன்னொரு காலை வைத்தது, தண்ணீரை விட்டு ஏறி, ஈர மணலில் நடந்தது. பெட்டிச் சுவரில் முட்டித் திரும்பி, மறுபடி தண்ணீருக்கே வந்து முகவாயை வைத்தது.

அவள் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். உடைந்த ஓட்டிலிருந்து சொட்டுத் தண்ணீர் அவள் தலையில் விழுந்துகொண்டிருந்தது. நகர்ந்து உட்காரவில்லை.

எல்லம்மா எட்டிப் பார்த்தாள். "அடி அம்மா, ஓடு போச்சா! குஞ்சு இன்னாச்சு?" என்று உள்ளே வந்தவள், பெட்டிக்குள் பார்த்து மோவாயில் கை வைத்தாள். "நடக்குதுடி! கண்ணு தெறந்துருச்சு! நான் சொல்லல? பத்தியம் சரியா இருந்துச்சு, வயிறு கட்டிக்கிச்சு, அதான் இந்தத் தண்ணியக்கூடத் தாங்கிக்கிச்சு. வேற எவளா இருந்தாலும் முந்தியே ஊத்திக் கொன்னிருப்பா."

பாஞ்சாலி அவளைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். எல்லம்மாவுக்கும் மூன்று பிள்ளை போயிருந்தது. பாஞ்சாலி வாயை மூடிக்கொண்டாள். எல்லம்மா இந்த அதிசயத்தைக் காம்பவுண்டுக்குச் சொல்லப் போனாள்.

சின்னப்பா தெப்பமாக நனைந்து வந்தான். வரும்போதே கூரையில் ஓட்டையைப் பார்த்து உள்ளே ஓடிவந்தான். பெட்டிக்குள் குஞ்சு தண்ணீர் ஓரமாக நடை போட்டுக்கொண்டிருந்தது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

"பொழச்சிக்கிச்சா! பாஞ்சாலி, பொழச்சிக்கிச்சு பாரு! நான் சொன்னேன்ல, போவாதுன்னு!"

அவன் குஞ்சைக் கையில் எடுத்தான். அது கையிலும் நடந்தது. கண்ணீரும் மழைத்தண்ணீருமாக அவன் சிரித்தான்.

"தண்ணி குடிச்சிது மாமா" என்றாள் பாஞ்சாலி.

"ஆங்?"

"வேற ஒண்ணும் ஆவல. தண்ணி குடிச்சிது. கண்ணு முழிச்சிக்கிச்சு."

சின்னப்பாவின் சிரிப்பு முகத்தில் கொஞ்ச நேரம் தங்கிப் பிறகு போயிற்று. அவன் குஞ்சை மெதுவாகப் பெட்டியில் விட்டான்.

"இதுங்க கண்ணு இப்டித்தான் உள்ள போயிருந்துச்சு" என்றாள் அவள். "அவ கண்ணும் இப்டித்தான் போயிருந்துச்சு."

"அது வேற, இது வேற பாஞ்சாலி. இது ஆமை. மண்ணுல கெடக்கற ஜந்து. மனுசக் கொழந்தைக்கு அப்படியெல்லாம்..."

"அவளும் தண்ணிதான் கேட்டா. வேற ஒண்ணும் கேக்கல."

வெளியே நல்லிப் பக்கத்தில் பெண்கள் பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. எல்லம்மாதான் சொல்லிக்கொண்டிருந்தாள், பாஞ்சாலியின் பத்தியத்தைப் பற்றி.

"நீ அன்னிக்கி டம்ளர்ல மொண்டாந்தியே மாமா."

"என்னிக்கி?"

"கைய நீட்டினா. நான் தட்டி வுட்டேன்."

சின்னப்பா கீழே பார்த்தான். அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இவ்வளவு நாளும் அவளைத் தாங்கி நின்றது எது என்றும், அது இந்த மத்தியானத்தில் ஓட்டோடு சேர்ந்து உடைந்துபோனது என்றும் புரிந்தது. இனி அவளைக் காப்பாற்ற அவனிடம் ஒன்றுமே இல்லை. இருந்தாலும் தேடினான். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன், அவசரத்தில் கைக்கு அகப்பட்டதைச் சொன்னான்.

"அதுவா? அது கொழந்தைக்கா மொண்டாந்தேன்னு நெனச்ச? எனக்கு மொண்டேன். ராத்திரியெல்லாம் முழிச்சி நாக்கு வறண்டு போச்சு எனக்கு. நான் குடிக்கறதுக்குத்தான் எடுத்தேன். நீதான் தப்பா நெனச்சிக்கினு தட்டி வுட்ட. கொழந்தைக்குக் குடுக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? நானும் குடுத்திருக்க மாட்டேன் பாஞ்சாலி. யாருமே குடுத்திருக்க மாட்டாங்க."

அவள் அவனை வெகுநேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் அவன் மேல் கொள்ளைப் பிரியம் இருந்தது. அது அவனுக்கும் தெரிந்தது, அதனால்தான் பயமாக இருந்தது. பிறகு எழுந்தாள். பானைமேல் கவிழ்த்திருந்த பித்தளை டம்ளரை எடுத்தாள். தண்ணீர் மொண்டு, நசுங்கின விளிம்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, நல்ல பக்கத்தை அவனிடம் நீட்டினாள்.

"அன்னிக்கி உன்னக் குடிக்க வுடாத பண்ணிட்டேன். இந்தா, இப்பக் குடி."

சின்னப்பா வாங்கிக்கொண்டான். குடித்துவிட்டால் போதும், பொய் நிஜமாகிவிடும். ஒரு டம்ளர் தண்ணீர்தானே. அண்ணாந்து வாயில் ஊற்றிக்கொண்டான்.

பாஞ்சாலி பக்கத்தில் வந்து நின்று, மத்தியானம் குஞ்சின் தொண்டையைப் பார்த்த மாதிரியே அவன் தொண்டையைப் பார்த்தாள். அது அசையவில்லை. தண்ணீர் வாய் நிறைந்து கடைவாய் வழியாக வழிந்து அவன் சட்டையில் இறங்கியது.